நாற்பத்தொன்று

வால்டிவியாவில் ஜூலை மழை
விருந்தாளியாக வருவதில்லை.
சொந்த வீட்டுக்காரனாய் வந்து
நாள்கணக்கில் உட்கார்ந்துவிடும்.

விறகடுப்புப் புகை படிந்த அறை.
அடுப்புக் கம்பியில் காயாத காலுறைகள்.
மிலாக்ரோஸ் ஓயார்சூன்
சதுப்புநிலப் பறவைகளைப் பற்றிய கட்டுரையில்
மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை.
வியாழன் கெடு. இன்று திங்கள்.

அப்போதுதான் கிடைத்தது அந்த வரி,
எட்டு வருடப் பழைய ஆய்வேடு ஒன்றில்:
"விடியலில் படகை நிறுத்தி எண்ணினேன்.
கருங்கழுத்து அன்னங்கள் நாற்பத்தொன்று."

திருட்டென்று தோன்றவில்லை அவளுக்கு.
ஆற்றோர மீன்சந்தையில்
வெட்டுமேசையிலிருந்து தள்ளிய தலையைக்
கடல்சிங்கம் கவ்விப்போகுமே, அப்படி.
கிடந்தது.
எடுத்தாள்.

ஆனாலும் ஏதோ உறுத்த
சொற்களுக்கு மாறுவேடம் போட்டாள்.
விடியல் 'வைகறை' ஆயிற்று.
படகு 'சிறுகலம்'.
கருங்கழுத்து அன்னம்
'இருண்ட தொண்டையுடைய பெரும்பறவை' ஆனபோது
அவளுக்கே சிரிப்பு வந்தது.
எண்ணை என்ன செய்வது?
நாற்பத்தொன்றுக்கு மாற்றுச்சொல் கிடையாது.
'நான்' என்பதற்கும் கிடையாது.

நூலகத்தின் ஒப்பீட்டு மென்பொருள்
ஒன்பது விழுக்காடு என்றது.
பச்சை விளக்கு. போகலாம்.

போகவிடாதவள் பெர்னார்டிதா,
அறையைப் பங்குபோட்டவள்.
ஆப்பிள் கேக்கின் துகள்களைத்
தாள்மேல் சிந்திக்கொண்டே படித்தாள்.
"நீ எப்போது படகில் போனாய்?
பாலத்தில் பேருந்து நின்றாலே
உனக்குக் குமட்டுமே."

மென்பொருளுக்குத் தெரியாதது இது:
எந்தக் குமட்டல் யாருடையது.

இரவு, அந்தப் பழைய பக்கத்தை
மிலாக்ரோஸ் முதன்முறையாக
முழுவதும் படித்தாள். அடியில், பொடி எழுத்தில்:
'பனிமூட்டம் நகர்ந்துகொண்டிருந்தது.
பதினொரு பறவைகளை
இருமுறை எண்ணியிருக்கக்கூடும்.'
எழுதியவர் பெயர் மிலியாராய் கேயுபுல்.

எண்ணை எடுத்தவள்
பனியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.
விரல் விறைக்க ஒருத்தி பட்ட சந்தேகத்தை
அவள் வாயாலேயே உறுதியாகச் சொல்லவைத்து,
பிறகு அந்த வாயையும் அழித்து.

புதன் காலை படகு.
கரையைவிட்டு ஐந்து நிமிடத்தில் வாந்தி.
படகோட்டி பேசாமல் ஒரு வாளியை நீட்டினார்.
நாணல் விலகியதும், வெள்ளை வெள்ளையாய்.
பாலையும் நீரையும் பிரிக்கும் என்று
நம்மவர்கள் சொல்லிவைத்த பறவை
தலையை ஆற்றுக்குள் விட்டு
நீர்க்கொடி மேய்ந்துகொண்டிருந்தது.
பிரிக்கிற வேலை எல்லாம்
படகில் இருந்தவளுக்குத்தான்.

எண்ணினாள்.
ஒன்று நகர்ந்தது, திரும்ப எண்ணினாள்.
இருபத்தாறில் மழை பிடித்துக்கொண்டது.

வியாழன் அன்று அவள் கொடுத்த பக்கத்தில்
அந்த இடம் இப்படி இருந்தது:
'நாற்பத்தொன்று என்று எழுதுகிறார்
மிலியாராய் கேயுபுல்,
பதினொன்றைப் பற்றிய ஐயத்தோடு.
நான் இருபத்தாறு வரை எண்ணினேன்.
பிறகு மழை.'

என்று.
தமிழில் மூன்றே எழுத்து.
இவ்வளவு பாரத்தை இறக்கிவைக்க
அது போதுமாக இருக்கிறது.

மதிப்பெண் எவ்வளவு வந்தது?
எனக்குத் தெரியாது.
இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் பெர்னார்டிதா.
வாந்தி மூன்று முறை என்றாள்;
அவள் படகில் இல்லை,
ஆகவே ஒருமுறை என்று வைத்துக்கொண்டேன்.
வாளி அவள் சொன்னது.
கடல்சிங்கமும் அவளுடையதே.
மழை சொந்த வீட்டுக்காரன் என்றது மட்டும்
நான்.